தலையணையோடு மரைன் ஹில் போன மாப்பிள்ளை

1

எங்கள் முதல் கல்யாண நாளுக்கு ஊரிலிருந்து வந்த வாழ்த்துகளில் பாதிக்கு மேல் ஒரே வாழ்த்துதான். "உங்களுக்கென்ன, தினமும் ஹனிமூன்!" என் பெரியப்பா மகன் அதோடு மூன்று தென்னை மரமும் ஓர் இதயமும் சேர்த்து அனுப்பியிருந்தான். அதைப் படித்தபோது நான் போர்ட் பிளேரில், லம்பா லைன் வீட்டுக்குப் பின்னால், குழாயடியில் நான்கு குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பகுதியில் அன்றைக்குத் தண்ணீர் முறை. வரும் என்றார்கள், வரவில்லை.

எங்கள் தெரு விமான நிலையச் சாலைக்குப் பக்கம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் போதும், வரிசையாக ஹனிமூன் போகும். புதுப் பெண்ணின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். மாப்பிள்ளை தலையில் வாங்கிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத தொப்பி. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததுமே இருவரும் கையை நீட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் அப்படி ஒரு சிரிப்பு. ஐந்து நாள் ஹேவ்லாக் தீவில் நனைந்துவிட்டு, மூக்குத் தோல் உரிந்து, அதே சாலையில் ஒருவரோடொருவர் பேசாமல் திரும்பிப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஹேவ்லாக்கை இன்னும் பார்க்கவில்லை. இதை ஊரில் சொன்னால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

2

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு முதல் வருஷம் என்பது பரீட்சை அட்டவணை மாதிரி. தலை ஆடி, தலை தீபாவளி, தலைப் பொங்கல் என்று ஒவ்வொன்றாக எழுதித் தேற வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் எல்லாரும் ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் எழுதுகிறவர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

தலை தீபாவளிக்குப் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். என் கணவர் பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே அம்மா போன் வழியாகவே எண்ணெய்க் குளியல் நடத்திவைத்தாள். போனை எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தேன். "மாப்பிள்ளைக்கு உச்சியில நல்லா வை, இன்னும் வை" என்று அங்கிருந்து உத்தரவு. அவர் கண்ணில் சீயக்காய் இறங்கிய நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒரு மனிதரின் தலையைக் கழுவிவிட அவர் மாமியாரின் அனுமதிக்குக் காத்திருந்த படித்த பெண் நான்.

பொங்கலுக்கு வேறு கூத்து. ஊரில் இருட்டு கலையாத நேரத்திலேயே இங்கே வெயில் ஏறிவிடும். காலண்டரில் போட்டிருக்கிற நல்ல நேரத்துக்குத்தான் பானை வைக்கவேண்டும் என்று அம்மா பிடித்த பிடியில், சூரியன் கூரைக்கு மேலே போய் எங்களை வேடிக்கை பார்த்த பிறகு பொங்கல் பொங்கியது. கப்பலில் வரவேண்டிய கரும்பு காணும் பொங்கலும் முடிந்து மறுநாள் வந்து இறங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆடி மாதம் நடந்தது அப்படியல்ல. அதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

3

ஒன்று, நான் அழுதது. மாசியில் கல்யாணம், பங்குனியில் இங்கே வந்து இறங்கினேன். பிரபு பிறந்து வளர்ந்தது இந்தத் தீவில். அரசாங்க ஸ்டோரில் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். தெரு முழுக்க இந்தி. எனக்குத் தெரிந்த இந்தி "நஹீ மாலூம்", அதாவது தெரியாது. மூன்று வாரம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக் குடும்பம் நடத்தினேன். கீரை வேண்டுமா என்றாலும் நஹீ மாலூம், புருஷன் வீட்டில் இருக்கிறாரா என்றாலும் நஹீ மாலூம். ஒரு நாள் மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்து, "என்னால இங்க இருக்க முடியாது, என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று தேம்பித் தேம்பி அழுதேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, மிதாலி தீதி, ஒரு கிண்ணம் மீன் குழம்போடு வந்து உட்கார்ந்து எனக்குப் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்தாள். அழுததை நான் மறந்துவிட்டேன். அழுகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

இன்னொன்று, கார்டு. இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத் தீவுவாசி என்று ஓர் அடையாள அட்டை உண்டு. கப்பல் டிக்கெட் வரிசையிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அது இல்லாதவர் எத்தனை வருஷம் இருந்தாலும் மெயின்லேண்ட் ஆள்தான். தீவுக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கும் அது கிடைக்கும். அதற்குக் கல்யாணம் நடந்ததற்குச் சான்று, புருஷனின் கார்டு, குடியிருக்கும் வீட்டுக்குச் சான்று, பக்கத்தில் இருப்பவர் கையெழுத்து என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுக்கவேண்டும். அப்புறம் ஒரு நாள் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, இருவரும் ஒன்றாகத்தான் வாழ்கிறார்களா என்று பார்த்து எழுதிப் போவார். வைகாசியில் மனு கொடுத்தோம். எப்போது வருவார் என்று கேட்டேன். "ஆ ஜாயேகா" என்றார்கள். வரும்போது வருவார்.

எனக்கு அந்தக் கார்டு வேண்டியிருந்தது. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேறு வரிசை, தனியாக நின்றால் வேறு வரிசை என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

4

ஆடி மூன்றாம் தேதி அப்பா வந்து இறங்கினார். விமானத்தில் ஏறமாட்டார். கடல் சீறுகிற மாதத்தில், மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே, ஆடிச் சீர் தட்டும் முறுக்கு டின்னுமாக வந்தார். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக வந்திருக்கிறார். ஆடியில் புதுத் தம்பதி சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வருஷம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அருப்புக்கோட்டை வெயிலை நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

நான் போவதாகத்தான் இருந்தேன். ஒரு மாதம், அம்மா சமையல், நல்ல தமிழ். எட்டாம் தேதிக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் அப்பா முன்பே எடுத்துவைத்திருந்தார். ஆனால் காற்று பலமாக அடித்தது, கப்பல் கிளம்பவில்லை. அடுத்தது இருபத்தொன்றாம் தேதிதான் என்றார்கள்.

எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. அப்பா அதை நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்து முடித்தார்.

"அதுவரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுத்தா. மாப்ள வேற எங்கயாச்சும் படுத்துக்கிறட்டும்."

நான் பிரபுவைப் பார்த்தேன். இது அவர் வீடு. வாடகைப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தீக் ஹை மாமா, கோயி பாத் நஹீ, பரவால்ல. இதே ஊர்ல மரைன் ஹில்ல நம்ம தோஸ்த் ரூம் இருக்கு. கொஞ்ச நாள்தானே" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வேறு தலையணையில் தூக்கம் வராதாம். மழைக்கு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். தெரு முழுக்கப் பார்த்தது. என் மானம் அந்தப் பைக்குள் உட்கார்ந்து போனது. அப்பா அதோடு விடவில்லை. ஆணியில் தொங்கிய பிரபுவின் சட்டை, வாசலில் கிடந்த செருப்பு, சவரப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி மறுநாள் கொடுத்தனுப்பினார். கண்ணில் படக்கூடாதாம். அன்றிலிருந்து என் கணவர் தினமும் காலையில் விருந்தாளி மாதிரி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, "வரேன் மாமா" என்று சொல்லி வேலைக்குப் போனார். என்னிடம் சொன்னது "டீ நல்லாருக்கு" மட்டும்.

கோபமாக வந்தது. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறரைப் பார்த்து நொட்டை சொல்கிற எனக்கு, அப்பா முன்னால் நின்றால் பத்து வயசுதான்.

5

பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். நடுவயதுக்காரர், மரியாதையான மனிதர். குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு, கையில் என் மனுவோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஹஸ்பண்ட் கிதர் ஹை?"

ட்யூட்டி என்றேன். தலையாட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அவர் பார்க்க ஆரம்பித்ததும்தான் எனக்கே தெரிந்தது, அந்த வீட்டில் பிரபு என்று ஒருவர் இருப்பதற்கு அடையாளமே இல்லை. ஆணியில் அப்பாவின் வேட்டி. வாசலில் அப்பாவின் செருப்பு. கட்டிலில் ஒரே ஒரு தலையணை. கல்யாணப் படத்தைக்கூட அப்பா ஆடி முடியட்டும் என்று திருப்பி வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டில் கேட்டால் போயிற்று என்று அவர் எழுந்து போனார். மிதாலி தீதி சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். பொய் சொல்லத் தெரியாதவள். அவள் சொன்னது எங்கள் கூடம் வரை கேட்டது. "வோ தோ ஆஜ்கல் மரைன் ஹில் மே ரஹ்தா ஹை. தகியா லேகே கயா." அவர் இப்போது மரைன் ஹில்லில் இருக்கிறார், தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லும்போது அவள் குரலில் என் மேல் அவ்வளவு பரிதாபம்.

போலீஸ்காரர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. கார்டுக்காகக் கல்யாணம் என்று காகிதம் காட்டுகிறவர்களும் உண்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆடி மாதத்தை இந்தியில் எப்படிச் சொல்வது?

"என்ன கேக்குறாரு?" என்றார் அப்பா.

சொன்னேன்.

"உள்ளதைச் சொல்லிருத்தா. இவளை நான் கூட்டிட்டுப் போறேன், மாப்ள ஊர்ப்பக்கம் வேலை மாத்திக்கிட்டு வார வரைக்கும் இவ எங்க வீட்லதான் இருப்பா, கார்டெல்லாம் வேணாம்னு சொல்லு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "ஆடி முடிஞ்சதும் திரும்பி வரத்தானேப்பா?"

"திரும்பி வரதுக்கு யார் டிக்கெட் எடுத்தா? போறதுக்குத்தான் எடுத்திருக்கேன்."

"அவருக்கு இது தெரியுமா?"

"மாப்ளைகிட்ட அங்க போய்ப் பேசிக்கிறலாம். நீதான தாயி போன் பண்ணி அழுத? இருக்க முடியாதுன்னு நீதான சொன்ன? அன்னையிலருந்து உங்கம்மா ராத்திரி தூங்கல. நான் சும்மா இருப்பேனா?"

அவர் குரலில் கொஞ்சமும் வஞ்சகம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. நான் பங்குனியில் அழுதுவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டேன். இந்த மனிதர் நாலு மாதம் அதைச் சுமந்துகொண்டு, கடல் சீறும் காலத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். இத்தனை நாள் அப்பாவை, பிரபுவை, ஆடியை எல்லாம் மனசுக்குள் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேனே, இந்தக் கூத்தை ஆரம்பித்துவைத்தவள் நான்தான்.

"போலியே மேடம்" என்றார் போலீஸ்காரர். சொல்லுங்கள்.

நான் சொன்ன இந்தியை மிதாலி தீதி பின்னால் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். ஆணும் பெண்ணும் மாறி, முன்னும் பின்னும் இடித்து வந்த இந்தி அது. "யே மேரே பிதாஜி ஹை. ஹமாரா ரிவாஜ் ஹை, ஏக் மஹினா அலக் ரஹ்னா. பஸ். மை யஹீ ரஹ்தா. மேரீ ஆத்மி பீ யஹீ ரஹ்தி. ஆகே பீ யஹீ ரஹேங்கே." இவர் என் அப்பா. எங்கள் வழக்கம், ஒரு மாதம் தனியாக இருப்பது. அவ்வளவுதான். நான் இங்கேதான் இருக்கிறேன். என் வீட்டுக்காரரும் இங்கேதான். இனிமேலும் இங்கேதான் இருப்போம்.

போலீஸ்காரர் பேனாவை மூடினார். ஏக் மஹினா? என்று ஒரு தடவை கேட்டார். அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாளைக் காலை வருகிறேன், புருஷனும் அவர் சாமானும் வீட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எழுதமுடியாது என்றார்.

"என்னத்தா சொல்லிட்டுப் போறாரு?"

"நாளைக்கு வரேன்னு சொல்றாருப்பா."

அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்று மழையைப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தன் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணைத் தேடி அமுக்கினார்.

"மாப்ள, நான்தான். தலையணையை எடுத்துக்கிட்டு வந்துருங்க."

6

வந்தார். ஆனால் ஆடி ஆடிதான். நான் அறையில் தனியாக. கூடத்தில் ஒரே பாயில் அப்பாவும் மாப்பிள்ளையும். இருவரும் போட்டிபோட்டுக் குறட்டை விட்டார்கள். மறுநாள் வந்த போலீஸ்காரர் சட்டை, செருப்பு, சவரப் பெட்டி, தலையணை, ஆள் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பிரபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், பங்குனி அழுகை, எல்லாம். "உங்களுக்கு வாயே கிடையாதா? அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அவர் தலையணை உறையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போகணும்னு நெனச்சா நான் எப்படிடீ ரோக்குவேன், எப்படித் தடுப்பேன்? நீ அழுதது எனக்கும் மாலூம். சாயங்காலம் வந்தப்ப உன் கண்ணு வீங்கியிருந்துச்சு" என்றார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. அழுகை வந்தது. அழவில்லை. நான் அழுதால் யாராவது கப்பல் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஊரில் ஆற்றங்கரைக்குப் போய்த் தாலிக் கயிறு மாற்றவேண்டிய நாள். இங்கே ஆறு ஏது. கடலைக் கணக்கில் சேர்க்கமுடியாது, உப்பு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குத் தண்ணீர் முறை இருந்தது. ஆகவே பின்வாசல் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் சித்திரான்னத்தோடு மூவரும் உட்கார்ந்தோம். பன்னிரண்டு நாளாக விடாமல் கொட்டிய மழையில் ஊரே மிதக்கிறது, குழாயில் மட்டும் வரவில்லை. நாற்பது நிமிஷம் காத்திருந்து, அது இருமி இருமி நூலாக ஒழுகியபோது அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கயிற்றை மாற்றிக் கட்டிவிடப் பெரிய பெண்மணி வேண்டுமே என்று மிதாலி தீதியைக் கூப்பிட்டோம். அவள் மூன்று முடிச்சைப் போட்டுவிட்டு, இதுவும் முறை என்று நினைத்து, வாய் நிறையக் குலவை வேறு போட்டாள். அப்பா ஆடிப்போனார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்தமானிலேயே வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருக்கிற என் மாமனார், சம்பந்தி வந்திருக்கிறார் என்று பஸ்ஸில் ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பியிருந்தார். அது கூடத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

7

இருபத்தொன்றாம் தேதி கப்பல் கிளம்பியது. ஜெட்டிக்கு மூவரும் போனோம். அந்த இரண்டாவது டிக்கெட்டை ரத்துச் செய்யச் சொல்லி பிரபு இரண்டு நாளாகக் கேட்டுப் பார்த்தார். "கிடக்கட்டும் மாப்ள" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். கப்பல் ஏறுவதற்குள் நான் மனசு மாறுவேன் என்று அவருக்கு ஒரு நப்பாசை. அதை நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

பிரபு தேங்காய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்தப் போலீஸ்காரர்கிட்ட நான் சொன்னதை நீ சொல்லல, இல்ல?"

"இல்லப்பா."

"தெரியும். இந்தி தெரியாட்டி என்ன. யஹீ யஹீன்னு மூணு தரம் தரையைத் தரையைக் காட்டுனியே."

என் தலையில் கை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். மெயின்லேண்ட் ஆட்களுக்கான வரிசை அது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அழுவதை யாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டேன்.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டும் முன், சிக்னல் இருந்த கடைசி நேரத்தில், ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டு படுக்கை. கீழே அப்பாவின் பை. மேலே, எனக்கென்று எடுத்த படுக்கையில், உருளாமல் இருக்கத் துண்டால் கட்டி, தேங்காய்ச் சாக்கு.

நான்காம் நாள் அம்மா போன் செய்தாள். எடுத்ததுமே ஆரம்பித்தாள். "மகளைக் கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிச்சா, தேங்காயைக் கொண்டாந்து இறக்குறாரு உங்கப்பா! மகளுக்கு மாத்தா குடுத்தாங்களா அங்க?"

"காய் எப்படிம்மா இருக்கு?"

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"இன்னைக்குத்தான் ஒண்ணு ஒடைச்சேன்" என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சினாள். "நல்லா வெளஞ்ச காயாத்தான்டி இருக்கு."